பஸ்ஸில் ஏறும் சாப்பாடு: வன்னியில் மூன்று நாள்

முதலாம் நாள் – வவுனியா

யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்கு வன்னி என்றால் கடந்துபோகிற இடம். கொழும்புக்குப் போகிற இரவு பஸ்ஸில் ஏறினால் முறிகண்டியில் ஒருமுறை கண் திறப்போம், கச்சான் வாங்குவோம், திரும்பவும் நித்திரை. விடியும்போது கொழும்பு. கல்யாணம் கட்டிய இந்தப் பதினெட்டு வருசத்தில் எத்தனை தரம் அந்த றோட்டால் போய்வந்திருப்போம் என்று கணக்கில்லை. ஆனால் வவுனியாவில் ஒரு நேரச் சோறு ஆறுதலாக இருந்து சாப்பிட்டதில்லை. கிளிநொச்சியில் ஓர் இரவு தங்கியதில்லை. இவருடைய அம்மாவின் ஊர் முள்ளியவளை. அங்கேகூட நல்லது கெட்டதுக்கு வான் பிடித்துப் போய் அன்றைக்கே திரும்பியதுதான் மிச்சம்.

இந்த ஆனி மாதத்தில் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்தது. வான் பிடிப்பதில்லை, மோட்டார் சைக்கிளும் எடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். கோச்சி, பஸ், அதுவும் இல்லாத இடத்தில் நடை. போகிற இடத்தில் அந்த ஊர்ச் சனம் எதைச் சாப்பிடுகிறதோ அதையே சாப்பிடுவது. அன்றன்று நடந்ததை அன்றன்று இரவே எழுதிவிடுவது என் பொறுப்பு.

காலைக் கோச்சியில் ஏறினோம். ஆனையிறவு கிட்ட வந்ததும் இவர் எழும்பி, "நீர் யன்னல் பக்கம் இரும்" என்று இடம் மாற்றிவிட்டார். இரண்டு பக்கமும் தண்ணீர், தள்ளி உப்புக் குவியல்கள். சோளகக் காற்று அடித்ததில் முகமெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு. அதைத் தாண்டினால் வன்னிப் பெருநிலம். யாழ்தேவி என்ற கோச்சி இந்தப் பாதையில் 1956இல் ஓடத் தொடங்கியது. 1990இல் போரால் வடக்குப் பாதை நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்கு மேல் மூடியாகப் போயின. பிறகு 2011இல் ஓமந்தை வரை, 2013இல் கிளிநொச்சி வரை, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை என்று துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. என் வயதுக்காரர் பலருக்குக் கோச்சி என்பது அம்மா அப்பா சொன்ன கதைதான். அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் கோச்சி கூவினால் என் மனம் ஒருதரம் துள்ளும்.

கிளிநொச்சி வரை சிறுபோக வயல் பச்சை. மாங்குளம் தாண்டினால் காடு. பத்து மணியளவில் வவுனியாவில் இறங்கினோம். இடியப்பமும் சொதியும் சம்பலும் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. ஆனால் அது எங்கள் வீட்டிலும் கிடைக்கும்.

வவுனியா நாலு றோட்டின் ஊர். யாழ்ப்பாணம், கண்டி, மன்னார், ஹொரவப்பொத்தானை என்று நாலு பக்கமும் பாதை பிரிகிறது. பஸ் நிலையத்தில் ஒரு வாங்கில் இருந்துகொண்டு ஒரு மணித்தியாலம் ஒன்றும் செய்யாமல் பார்த்தோம். செட்டிகுளம், மன்னார், நெடுங்கேணி, திருகோணமலை, கண்டி. தமிழிலும் சிங்களத்திலும் கூவிக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுகிறவரே இரண்டு பாஷையும் மாறி மாறிப் பேசுகிறார். முஸ்லிம் அம்மா ஒருவர் சிங்களத்தில் கேட்க, தமிழ்ப் பெடியன் சிங்களத்தில் பதில் சொல்லி, கடைசியில் இருவரும் தமிழில் சிரித்துக் கதைத்ததைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒரு சிவப்பு பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கும் முன்னமே கொண்டக்டர் பின்கதவால் ஒரு சாமானை இறக்கினார். கயிற்றால் உறிபோலக் கட்டிய தயிர் முட்டிகள், நாலு. குழந்தைப்பிள்ளையைக் கைமாற்றுகிற மாதிரி ஒன்றொன்றாகக் கொடுத்தார். கீழே சைக்கிளோடு ஒருவர் காத்திருந்தார். காசு கைமாறவில்லை, ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நாள்தோறும் நடக்கிற காரியம் என்று விளங்கியது.

"இஞ்சருங்கோ, அந்த முட்டி எங்கை போகுதெண்டு பாப்பமே?" என்றேன்.

சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனார். அதனால் பின்னால் நடப்பது கஷ்டமாக இருக்கவில்லை. கடைத்தெருவுக்குள் ஒரு சின்னத் தேநீர்க் கடை. நாங்கள் போய் உட்கார்ந்தபோது முதல் முட்டி திறந்தாகிவிட்டது. எருமைத் தயிர். கரண்டி போட்டால் வெட்டிய இடம் வெட்டியபடியே நிற்கிறது, தண்ணீர் விடவில்லை. மேலே மஞ்சளாக ஆடை. சீனியா பாணியா என்று கேட்டார்கள். இவர் பாணி, நான் சீனி. காலையில் காட்டோரப் பட்டியில் கறந்து உறைந்தது இல்லை, நேற்றையது என்றார் கடைக்காரர். இன்றைக்குக் கறந்தது நாளைக்கு வருமாம். பஸ் ஓடாத நாளில் இந்தக் கடையில் தயிர் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அந்த இடத்திலேயே எங்கள் மூன்று நாளுக்கும் வழி கிடைத்துவிட்டது. பஸ்ஸில் என்ன ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். ஏறுவதுதான் அந்த ஊரின் சமையல்.

மத்தியானச் சோற்றுக்கும் அதே வழிதான். செட்டிகுளம் பஸ்ஸால் இறங்கிய ரெஜிபோம் பெட்டியைப் பற்றி விசாரித்துக்கொண்டு போனால், ஓர் அக்கா நடத்துகிற சாப்பாட்டுக் கடை. உள்ளே ஆறு கதிரை. குத்தரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொன்னாங்காணி, மோர்மிளகாய், அப்புறம் குளத்து விரால் குழம்பு.

இங்கே ஒரு விசயம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தாருக்குக் குளத்து மீன் இளப்பம். "சேறு மணக்கும்" என்று சொல்லி ஒதுக்கிவிடுவோம். எங்கள் அம்மா வீட்டுப்படி ஏற்றியதில்லை. அந்த எண்ணத்தோடுதான் முதல் கவளம் வைத்தேன். சேறுமில்லை, மணமுமில்லை. சதை இறுக்கமாக, குழம்பை உள்ளே வாங்கி, ஒரு கறுத்த புளிப்போடு இருந்தது. பழப்புளியின் புளிப்பு இல்லை. வெட்கத்தை விட்டுக் குசினி வாசலில் போய்க் கேட்டேன்.

"கொறுக்காய்ப்புளி பிள்ளை. முதல்ல உப்பும் தேசிக்காயும் போட்டு வழுவழுப்புப் போகத் தேய்ச்சுக் கழுவோணும். பிறகு கொறுக்காயை அரைச்சுப் பூசிக் கொஞ்ச நேரம் விடோணும். எங்கட பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாதான் பழக்கினவ. மிளகாய்த்தூள் எங்கட, புளி அவையின்ர."

தூளில் மல்லியும் சீரகமும் வறுத்த வாசம் தூக்கலாக இருந்தது, எங்கள் தூள்தான் அது. தென்பகுதிக் கொறுக்காயும் யாழ்ப்பாணத்துத் தூளும் வன்னிக் குளத்து விராலும் ஒரு சட்டியில். வவுனியா என்ன ஊர் என்று யாராவது கேட்டால் அந்தக் குழம்பைத்தான் இனிக் காட்டுவேன்.

பின்னேரம் மன்னார் றோட்டில் பம்பைமடு வரை ஒரு பஸ்ஸில் போய் வந்தோம். வவுனியாப் பல்கலைக்கழகம் அங்கேதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. திரும்பும் பஸ் முழுக்கப் பிள்ளைகள். இரவு கொத்து ரொட்டி. கொத்து எல்லா ஊரிலும் கொத்துத்தான்.

இரண்டாம் நாள் – முறிகண்டி, கிளிநொச்சி, இரணைமடு

வெள்ளனவே வடக்கே போகிற பஸ். ஓமந்தை வந்தபோது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வெளியே பார்த்தோம். சமாதான காலத்தில், 2002க்குப் பிறகு பாதை திறந்திருந்த அந்த நாலு வருசமும், இங்கேயிருந்த சோதனைச் சாவடியில் இறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, வரிசையில் நின்று போன ஞாபகம். அம்மா கொழும்பிலிருந்த மாமாவுக்கென்று கட்டித்தந்த பயற்றம்பணியாரப் பெட்டியை மேசையில் கொட்டிப் பார்த்தார்கள். பாதி உடைந்துபோனது. மாமா உடைந்ததையும் விடாமல் தின்றார். இப்போது பஸ் அந்த இடத்தில் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

கனகராயன்குளத்தில் ஒரு தாய் கையைக் காட்டினார். பஸ் நின்றது, ஆனால் அவர் ஏறவில்லை. ஒரு துணிப்பையைக் கொண்டக்டரிடம் நீட்டினார். "தம்பி, மகளுக்கு. கிளிநொச்சியில நிப்பாள். நம்பர் துண்டில கிடக்கு." கொண்டக்டர் பையை வாங்கித் தன் தலைக்கு மேலிருந்த கொக்கியில் மாட்டினார். அதே கொக்கியில் முன்னமே இரண்டு பை தொங்கின. வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சலின் வாசம் பஸ் முழுக்க. உடுப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பிள்ளையாம், கடைச் சோறு ஒத்துவராதாம். "காசு குடுப்பினமோ?" என்று இவர் கேட்டார். கொண்டக்டர் தலையாட்டினார். "சோத்துக்கு ஆர் அண்ணை காசு வாங்கிறது?"

முறிகண்டியில் பஸ் நின்றது. நிற்காமல் போகிற வாகனம் இல்லை என்றே சொல்லலாம். சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குக் காசு போட்டு, திருநீறு பூசி, ஒரு தேங்காய் அடித்துவிட்டு வந்தார். ஆட்கள் அவசரம் அவசரமாகக் கச்சான் பை வாங்கிக்கொண்டு ஏறினார்கள். நாங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி நின்றோம். பஸ் ஸ்ராட் பண்ணியது. கச்சான் விற்கிற அம்மா பதறிப்போய்க் கத்தினார்: "பிள்ளை, பஸ் போகுது! பஸ் போகுது!"

"போகட்டும் அம்மா. நாங்கள் உங்களிட்டத்தான் வந்தனாங்கள்."

அவர் என்னை நம்பவே இல்லை. பஸ் மறையும் வரை அதையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னார், "இஞ்சை பாரடி, இவை நிண்டிட்டினம்." ஐந்து நிமிசத்துக்கு மேல் அங்கே நிற்கிற ஆட்களைக் காண்பது அவர்களுக்கு அவ்வளவு புதுமை.

ஒரு வாங்கு போட்டுத் தந்தார்கள். பெரிய தாச்சியில் மணல் சூடேறி இருந்தது. கோதோடு கச்சானைப் போட்டு அகப்பையால் பிரட்டுகிறார். மணல் இல்லாமல் வறுத்தால் கோது கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். மணலின் சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஏறுகிறது. எப்போது இறக்குவது என்று கேட்டேன். "காதால கேளுங்கோ" என்றார். முதலில் ஈரச் சத்தம், கனமாக. போகப்போகக் கோதுக்குள் பருப்புக் கழன்று, கலகலவென்று ஒரு சத்தம் வருகிறது. அந்தச் சத்தம் வந்து கொஞ்ச நேரத்தில் அரிதட்டில் கொட்டி மணலைச் சலித்துவிட வேண்டும். சுடச்சுடக் கையில் தந்தார். இத்தனை வருசம் பஸ்ஸில் ஆறிப்போனதைத்தான் முறிகண்டிக் கச்சான் என்று தின்றிருக்கிறோம். சூட்டில் அதற்கு ஒரு பால் இனிப்பு இருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

விடிய நாலு மணிக்கு வறுக்கத் தொடங்குவாராம். இரவு பஸ்கள்தான் பெரிய வியாபாரம். இரண்டு பிள்ளைகளையும் இந்தத் தாச்சியை வைத்தே படிப்பித்ததாகச் சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமை எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. கோச்சி வந்த பிறகு வியாபாரம் குறைவு என்றும் சொன்னார். கோச்சிக்குப் பிள்ளையாரும் இல்லை, கச்சானும் இல்லை, நேரே போய்விடுகிறது. நேற்றுக் காலை அந்தக் கோச்சியில் இந்த அம்மாவைக் கடந்துதான் போனோம் என்று நினைத்தபோது என்னமோ செய்தது. இரண்டு பை வாங்கப்போன நாங்கள் ஆறு பை வாங்கினோம்.

மத்தியானம் கிளிநொச்சி. 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர். யாழ்ப்பாணத்தில் காணியில்லாதவர்களைக் கொண்டுவந்து காடு வெட்டி வயல் செய்வித்தார்கள். அதனால் சாப்பாட்டில் எங்கள் கை நிறையவே தெரியும். அம்மாச்சி உணவகத்தில் சாப்பிட்டோம். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாடு, பெண்களே சமைத்துப் பெண்களே விற்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் குரக்கன் பிட்டு அவிந்து வந்தது. நான் இலைக்கஞ்சி குடித்தேன். மொடமொடப்பான உளுந்து வடை இவருக்கு. எல்லாம் நல்லது, விலையும் மலிவு. யாழ்ப்பாணத்திலும் அம்மாச்சி இருப்பதால் இதை நீட்டவில்லை.

இரணைமடுவுக்குப் போனதுதான் இன்றைக்குப் பெரிய விசயம். ஏ9 றோட்டில் சந்தியில் இறங்கி நடக்கத் தொடங்கினோம். வெயில் இறங்கவில்லை. பின்னால் டக் டக் டக் என்று லான்ட்மாஸ்டர் வந்தது, பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரம். ஓட்டிவந்த ஐயா கேட்காமலே நிறுத்தினார். "ஏறுங்கோ, குளத்தடிக்குத்தானே?" பெட்டியில் உர மூட்டைகளுக்கு மேல் இருந்துகொண்டு போனோம். லான்ட்மாஸ்டரை வாகனம் என்று யாரும் அட்டவணையில் போடமாட்டார்கள். ஆனால் வன்னியில் பஸ் விட்ட இடத்திலிருந்து வீடு வரை ஆட்களையும் நெல்லையும் நோயாளியையும் ஏற்றிப்போவது அதுதான்.

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம், வேலை 1902இல் தொடங்கியது. அணைக்கட்டில் ஏறி நின்றால் எதிர்க்கரை தெரியவில்லை. காற்றுக்குக் கடல்போல அலை. கீழே வாய்க்கால் போகிற பக்கமெல்லாம் வயல் பச்சை. நேற்று வவுனியாவில் குத்தரிசிச் சோறு, இன்றைக்கு வாய்க்காலோரம் அதன் பயிர். ஐயா இறங்கிப்போய் வரம்பில் ஒரு நெற்கதிரை ஒடித்துவந்து இவர் கையில் வைத்தார். இன்னும் பால்கட்டவில்லை. "இன்னும் ஒரு தண்ணி காணும்" என்று குளத்தைப் பார்த்துச் சொன்னார்.

நாளைக்குப் பரந்தன் வழியாக முல்லைத்தீவு. முதல் பஸ்.

மூன்றாம் நாள் – முல்லைத்தீவு, முள்ளியவளை

முதல் பஸ்ஸில் இடம் கிடைத்தது. பரந்தனில் கிழக்கே திரும்பியதும் இவர் பேசுவதைக் குறைத்துவிட்டார். முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. கொண்டக்டர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச்சொல்ல ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். 2009இல், போரின் கடைசி மாதங்களில், சனம் இதே வரிசையில்தான் ஒவ்வோர் ஊராக விட்டுவிட்டுக் கிழக்கே போனது. முள்ளியவளையில் இருக்கிற இவருடைய பெரியம்மா குடும்பமும் அதில் ஒன்று. இப்போது அதே பெயர்களுக்கு வெண்டிக்காய்ச் சாக்கும், பயிற்றங்காய்க் கட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். ஒரு பிள்ளை என் மடியில் புத்தகப் பையை வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

முள்ளிவாய்க்கால். இங்கே சாப்பாட்டைப் பற்றி ஒன்றுதான் எழுதலாம். அந்தக் கடைசி நாட்களில் சனத்துக்கு இருந்தது கஞ்சி மட்டும். அரிசி, தண்ணீர், இருந்தால் உப்பு. ஒவ்வொரு மே மாதமும் வடக்குக் கிழக்கு முழுக்க அதே கஞ்சியைக் காய்ச்சி, சிரட்டையிலும் கோப்பையிலும் ஊற்றி, தெருவில் போகிறவர்களுக்கும் கொடுக்கிறோம். எங்கள் சந்தியிலும் போன மாதம் காய்ச்சினார்கள். நானும் குடித்தேன். அதற்குத் தேங்காய்ப்பால் விடுவதில்லை. பஸ் யன்னலால் அந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாக்கில் அந்தக் கஞ்சியின் சப்பைச் சுவைதான் இருந்தது.

வட்டுவாகல் பாலம். ஒரு பக்கம் நந்திக்கடல், மறு பக்கம் கொஞ்சத் தூரத்தில் பெருங்கடல். பாலத்தடியில் மீனும் இறாலும் விற்கிறவர்கள். அங்கே ஓர் அம்மா ஒரு வாளியோடு ஏறி எங்கள் சீற்றுக்கு முன்னால் வைத்தார். ஈரச்சாக்கு மூடிய இறால். சாக்கு துடித்தது. விடியற்காலை மகன் வீச்சுவலையில் பிடித்தவையாம், முல்லைத்தீவுச் சந்தைக்குப் போகின்றன. "சந்தைக்குப் போக முன்னம் எங்களுக்கு ஒரு கிலோ தருவியளே அம்மா?" என்றேன். பஸ்ஸுக்குள்ளேயே கைத்தராசில் நிறுத்தார். பஸ் குலுங்கியதால் சரியாக நிற்கவில்லை. இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

முல்லைத்தீவில் கடலைப் பார்த்தோம். இறால் கையில் இருந்ததால் நீண்ட நேரம் நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸில் முள்ளியவளை.

பெரியம்மாவுக்கு எழுபத்தாறு வயது. வாசலில் எங்களைக் கண்டதும் கண் வெளியே வானைத் தேடியது. "வான் எங்கை?" என்றார். பஸ்ஸில் வந்தோம் என்றதும் இவருடைய கன்னத்தைத் தடவி, "சின்னனில கொம்மாவோட பஸ்ஸிலதானேடா வாறனீ" என்றார். இறாலைக் கண்டதும் மற்றக் கதையெல்லாம் நின்றுவிட்டது. "நந்திக்கடல் இறால்" என்றார், கேட்காமலே. எப்படித் தெரியும்? கடல் இறாலுக்கு நிறம் வேறு, கோது தடிப்பு, இது மெல்லிசு என்று காட்டினார்.

பலாக்காலம். பலாக்கொட்டையை இடித்துத் தோல் நீக்கி, இறாலோடு சேர்த்துச் சமைத்தார். விறகடுப்பு, மண்சட்டி. முதலில் பலாக்கொட்டை இரண்டாம் பாலில் அவிய வேண்டும். அது மாப்பிடித்து வெடிக்கிற பதத்தில் இறால் போகும். இறால் ஐந்து நிமிசத்துக்கு மேல் கிடந்தால் ரப்பர் என்று என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். கடைசியாகத் தலைப்பாலும் பெருஞ்சீரகத்தூளும். நான் இறாலை நேரத்தோடு போட்டு வேகவைக்கிற பழக்கக்காரி, அதை இவர் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். சாப்பிடும்போது இவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் முறை சோறு கேட்டார். பெரியம்மா சட்டியைச் சரித்து அடிக்குழம்பை வழித்து ஊற்றினார்.

பிறகு வற்றாப்பளைக்குப் போனோம். கண்ணகி மதுரையை எரித்துவிட்டு வந்து ஆறிய இடங்களில் இது ஒன்று என்பது ஊர் நம்பிக்கை. வைகாசிப் பொங்கல் முடிந்துவிட்டதால் கோயில் அமைதியாக இருந்தது. பொங்கலுக்கு முன்னம் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். பிறகு இரவிரவாக நடந்து வற்றாப்பளைக்கு. சின்ன வயதில் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த விளக்கைப் பார்த்ததை இவர் இன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்.

திரும்புகிற பஸ்ஸுக்கு இரண்டு மணிக்கே றோட்டுக்கு வந்துவிட்டோம். ஒன்று வந்தது, தொங்கிக்கொண்டு ஆட்கள், நிற்கவில்லை. அடுத்தது வருகிற நேரத்துக்கு வரவில்லை. எங்களோடு ஓர் ஆச்சி, கையில் கிளினிக் கொப்பி, உள்ளே ஒரு குளத்துக் கிராமத்துக்குப் போக வேண்டும். அந்தப் பக்கம் பின்னேரம் ஒரே ஒரு பஸ்தானாம். அது போய்விட்டதா வரவில்லையா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நின்றோம். எங்களுக்கு இது மூன்று நாள் பயணம். அவருக்கு மாதாமாதம். ஏ9 றோட்டில் நிமிசத்துக்கு ஒன்றாக ஓடுகிற பஸ்களில் ஒன்றிரண்டு இந்தப் பக்கம் திரும்பினால் என்ன? நெடுங்கேணித் தயிரும் கனகராயன்குளத்துச் சோறும் அதே பஸ்களில் வந்தவைதானே. பஸ் இல்லாத ஊரில் பால் பட்டியிலேயே புளிக்கும், ஆச்சி றோட்டிலேயே நிற்பார். இதை யாராவது பொறுப்பானவர்கள் வாசித்தால் நல்லது என்று மனதார நினைத்து எழுதுகிறேன். கடைசியில் ஆச்சிக்கு ஒரு லான்ட்மாஸ்டர் கிடைத்தது. ஏறியிருந்து எங்களுக்குக் கையசைத்தார்.

எங்களுக்கு மாங்குளம் பஸ் வந்தபோது பெரியம்மா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார், வாழையிலைப் பார்சல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு. பேரன் யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துப் படிக்கிறான். "மிச்ச இறாலைப் பொரிச்சனான். அவனிட்டக் குடுத்துவிடுங்கோ. நம்பர் துண்டில கிடக்கு."

கற்சிலைமடுவைக் கடந்தபோது, வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னி அரசன் பண்டார வன்னியனின் கல்லை யன்னலால் காட்டினார் இவர். 1803 ஒக்டோபர் 31இல் அவன் தோற்ற இடம் என்று வெள்ளைக்காரர் நட்டது. ஒட்டுசுட்டானில் பஸ் நின்ற இரண்டு நிமிசத்தில் ஒரு சிறுமி யன்னலடியில் பாலைப்பழம் நீட்டினாள், பால்பேணியால் அளந்து. மஞ்சள் மணிபோலப் பழம், தேன் இனிப்பு, உள்ளே பால். நாலு தின்றதும் உதடு ஒட்டிக்கொண்டது. வருசத்தில் கொஞ்ச நாளைக்குத்தான் கிடைக்கும், காட்டுக்குள் போய்ப் பொறுக்க வேண்டும். இன்னொரு பேணி வாங்கிப் பெரியம்மாவின் பார்சலோடு சேர்த்துக் கட்டினேன்.

மாங்குளத்தில் யாழ்ப்பாண பஸ். இருக்க இடமில்லை, கிளிநொச்சி வரை நின்றோம். முறிகண்டியில் நின்றபோது நான் இறங்கவில்லை. கச்சான் அம்மா கீழே நின்று யன்னல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார், எங்களைக் கண்டதும் கையைத் தூக்கினார். கொண்டக்டர் பார்சலைப் பார்த்து, "தாங்கோ அக்கா, கொக்கியில மாட்டிறன்" என்றார். வேண்டாம் என்று கையிலேயே வைத்திருந்தேன்.

இரவு எட்டரைக்கு யாழ்ப்பாண பஸ் நிலையம். துண்டிலிருந்த நம்பருக்கு அடித்தேன். மெலிந்த உயரமான பெடியன் ஒருவன் சைக்கிளில் வந்தான். பார்சலை வாங்கி மூக்கருகே பிடித்தான்.

"அம்மம்மா பொரிச்சவவா?"

"ஓம்."

அங்கேயே நின்று முள்ளியவளைக்குப் போன் எடுத்தான்.